தையல் அறைக்கு வேக்குவம் கிளீனர்: நூலும் பூனை முடியும் சேர்ந்த வீட்டுக்கு எது சரி?

தங்கச்சி, உங்கள் கேள்வி நீளமாக இருந்தது. மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தக்கலைப் பக்கம், வீட்டு மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை, டைல்ஸ் தரை. ஒரு பவர் மெஷின், துணி ஓரத்தை வெட்டித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்று, ஒரு வெட்டு மேசை. வீட்டில் இரண்டு நாட்டுப் பூனைகள், ஒரு லாப்ரடார், மூன்றும் அந்த அறையை விட்டு நகர்வதில்லை. டெலிவரி கொடுத்த பட்டு பிளவுஸின் லைனிங்கில் பூனை முடி இருந்தது என்று ஒரு வாடிக்கையாளர் திரும்பிக் கொண்டுவந்துவிட்டார். நாகர்கோவிலில் ஒரு கடையில் "முடிக்கு இதுதான்" என்று உருளும் பிரஷ் வைத்த கம்பியில்லாத மாடலைக் காட்டினார்கள், இன்னொரு கடையில் வாட் கூடக்கூட நல்லது என்றார்கள், தங்கை மகன் ரோபோ வாங்கச் சொல்கிறான். கையில் பத்தாயிரம் ரூபாய். எதை வாங்க?

நேராகப் பதில் சொல்கிறேன். உருளும் பிரஷ் இல்லாத, அகலமான ஹோஸ் உள்ள, உள்ளே பை மாட்டக்கூடிய டிரம் வகையை வாங்குங்கள். ஈரமும் உலர்வும் இரண்டையும் உறிஞ்சும் என்று விற்கிறார்களே, பக்கெட் மாதிரி உருண்டையாகச் சக்கரம் வைத்து நிற்கும், அதுதான். கார்ச்சர், இனால்சா, அகாரோ, யுரேகா ஃபோர்ப்ஸ் எல்லோரும் இந்த வகையில் விற்கிறார்கள், உங்கள் பணத்துக்குள் நல்லதே கிடைக்கும். பார்க்க அழகாக இருக்காது, சத்தமும் கொஞ்சம் கூடுதல். ஆனால் தையல் அறைக்கு அதுதான் கொள்ளாம். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால்தான் கடைக்காரர் வேறு ஒன்றை எடுத்து நீட்டும்போது உங்களால் வேண்டாம் என்று சொல்ல முடியும்.

செல்லப்பிராணி வீட்டுக்கு என்று விற்கிற வேக்குவம் பெரும்பாலும் கார்ப்பெட்டை மனதில் வைத்துச் செய்தவை. குளிர்நாடுகளில் அறை முழுக்கக் கார்ப்பெட் விரித்திருப்பார்கள், அதன் இழைக்குள் நாய் முடி போய்ச் செருகிக்கொள்ளும், அதைத் தட்டிக் கிளப்பி எடுக்க மோட்டார் வைத்த உருளும் பிரஷ், அதாவது ரோலர், வேண்டும். நம் ஊரில் டைல்ஸ், மொசைக், பழைய வீடு என்றால் சிவப்பு ஆக்சைடு தரை. இந்தத் தரையில் முடி எங்கேயும் செருகிக்கொள்வதில்லை, மேலே மிதந்துகொண்டு கிடக்கிறது, காற்று இழுத்தாலே வந்துவிடும். ரோலர் அதை இழுப்பதற்கு முன்னால் கொஞ்சத்தை முன்பக்கம் சிதறியடிக்கவும் செய்யும். அதைவிடப் பெரிய தொல்லை நூல். ரோலர் வேகமாகச் சுற்றுகிற ஒரு தண்டு, அதில் ஒரு முழ நீளத் தையல் நூல் பட்டால் பாபினில் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொள்ளும். மேலே நூல், அதன் இடுக்கில் பூனை முடி, அதற்கும் மேலே ஓவர்லாக் நூல், எல்லாம் இறுகி இரண்டு ஓரத்துப் பேரிங்குக்குள் போய்விடும். பெல்ட் உள்ள மாடல் என்றால் பெல்ட் வழுக்கிச் சூடாகிக் கருகும், நேரடியாக மோட்டார் உள்ள மாடல் என்றால் மோட்டார் திணறி நின்றுவிடும். பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து வெட்டி வெட்டி எடுக்க வேண்டும். தையல் அறைக்கு ரோலர் வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான். ஏற்கெனவே அந்த மாதிரி ஒன்று வீட்டில் இருந்தால் ரோலரை மட்டும் நிறுத்தும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சமாளிக்கலாம்.

இரண்டாவது எதிரி குண்டூசி. நம் அறைகளில் ஊசி, குண்டூசி, உடைந்த ஊசி முனை, கொக்கி, பட்டன், ஆரி வேலை செய்கிறவர்கள் என்றால் மணி, சமிக்கி எல்லாம் தரையில் உண்டு. மணியும் பட்டனும் உள்ளே போனால் டிரம்மில் விழுந்து கிடக்கும், அவ்வளவுதான். குண்டூசி அப்படியல்ல. ஹோஸின் உள்பக்கம் வளையம் வளையமாக இருக்கும், அந்தப் பள்ளத்தில் ஊசியின் முனை ஒருபக்கமும் தலை மறுபக்கமும் முட்டிக் குறுக்கே நின்றுவிடும். அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு நூலும் அந்த ஊசியைப் பிடித்துக்கொள்ளும், நூலை முடி பிடித்துக்கொள்ளும், கொஞ்ச நாளில் ஹோஸின் நடுவில் ஒரு பந்து. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, "மெஷின் இழுவை குறைந்துவிட்டது" என்றுதான் நினைப்போம். ஹோஸ் அகலமாக இருந்தால் இது குறையும். சாதாரண வீட்டு மாடல்களில் உள்விட்டம் 32 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும், குச்சி போன்ற கம்பியில்லா மாடல்களில் பாதை இன்னும் குறுகலாக, வளைவும் அதிகமாக இருக்கும். டிரம் வகையில் 35 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கிடைக்கிறது. மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் உள்ளே போகும் வழியின் பரப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது.

அடைப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் காது போதும். காற்று தாராளமாகப் போகும்போது மோட்டார் சத்தம் கனமாக இருக்கும், வழி அடைபட்டால் மோட்டாருக்கு இழுக்கக் காற்று இல்லாமல் சுமை குறைந்து வேகம் கூடும், சத்தம் கீச்சென்று மேலே ஏறும். ஹோஸின் வாயை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள், அந்தச் சத்தம்தான். வேலைக்கு நடுவில் அப்படிக் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு வழியைப் பாருங்கள், தொடர்ந்து ஓட்டாதீர்கள். சாதாரண வீட்டு மாடல்களில் உறிஞ்சிய காற்றே ஃபில்டர் வழியாக வந்து மோட்டாரைக் குளிர வைத்துவிட்டு வெளியே போகிறது, அதனால் அடைப்பு என்றால் மோட்டாரும் வேகும். ஈரம் உறிஞ்சும் டிரம் வகைகளில் அழுக்குக் காற்று மோட்டார் காயில் பக்கமே போகாது, குளிர வைக்கத் தனிக் காற்றுவழி வைத்திருப்பார்கள். பஞ்சும் நூலும் நிறைந்த அறையில் அடிக்கடி ஃபில்டர் அடைவது நிச்சயம் என்பதால், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் டிரம் வகையைச் சொல்வேன்.

வாட் பற்றி. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட், மெஷின் கரண்ட் எவ்வளவு தின்கிறது என்பதற்கான கணக்கு, எவ்வளவு இழுக்கிறது என்பதற்கு அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 செப்டம்பரில் வீட்டு வேக்குவம் கிளீனர்களுக்கு 1600 வாட் என்று உச்சவரம்பு வைத்தார்கள், 2017 செப்டம்பரில் அதையும் 900 வாட்டாகக் குறைத்தார்கள். அதற்குப் பிறகும் அங்கே வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன, காற்றுவழியையும் தரையில் படுகிற முகப்பையும் நன்றாகச் செய்தால் குறைந்த வாட்டிலேயே வேலை நடக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. கிலோபாஸ்கல் என்று ஒன்று போட்டிருப்பார்கள், அது இழுவையின் பலம், இடுக்கில் இருக்கும் தூசியை உருவி எடுப்பது அது. காற்றோட்டம் என்று நொடிக்கு இத்தனை லிட்டர், அல்லது மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள், முடியையும் துணித் துணுக்கையும் ஹோஸ் வழியாகத் தூக்கிக்கொண்டு போவது அது. நம் அறைக்கு இரண்டாவதுதான் முக்கியம். கிலோபாஸ்கல் 17, 18 இருந்தாலே போதும், அதற்கு மேல் இருபத்தைந்து, முப்பது என்று தேடி அலைய வேண்டாம். 1000 முதல் 1400 வாட் வரை எது என்றாலும் சரி.

கரண்ட் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டியது அயர்ன் பாக்ஸ். தையல் அறையில் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மெஷின், அயர்ன் பாக்ஸ், லைட் எல்லாம் மாட்டியிருப்போம். அயர்ன் பாக்ஸ் 1000 வாட், வேக்குவம் 1200 வாட், இரண்டும் ஒன்றாக ஓடினால் 2200 வாட், நம் 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் ஒன்பதரை ஆம்பியர். சாதாரண சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. ஒயர் சூடாகி உருகுவதற்கு முன்னால் தெரியாது, துணியும் பஞ்சும் இருக்கும் அறை அது. வேக்குவத்தைச் சுவரில் தனி பாயிண்ட்டில் மாட்டுங்கள். அயர்ன் பாக்ஸை அந்த நேரம் அணைத்துவிடுங்கள். இன்வெர்ட்டரிலும் ஓட்ட வேண்டாம், வீட்டில் வைத்திருக்கும் சாதாரண இன்வெர்ட்டர் அதைத் தாங்காது.

இனி பையா, பையில்லாததா. கடையில் பையில்லாததைத்தான் தள்ளுவார்கள், பைக்குத் தனிச் செலவு இல்லையே என்று. வெறும் மண்ணும் தூசியும் உள்ள வீட்டுக்கு அது சரிதான். ஆனால் தையல் அறைக் குப்பையும் பூனை முடியும் சேர்ந்தால் அந்தக் கண்ணாடி டப்பாவுக்குள் சுற்றிச் சுற்றிப் பாய் மாதிரி பின்னிக்கொள்ளும். தட்டினால் விழாது, கையை விட்டுப் பிடுங்க வேண்டும், அதற்குள் ஊசி இருக்கும். பிடுங்கும்போது பறக்கிற தூசி எல்லாம் உங்கள் மூக்குக்குள்ளும், பக்கத்தில் தொங்கும் தைத்த துணி மேலும். பை என்றால் அப்படியே கழற்றி வாயை மூடிப் போட்டுவிடலாம். பையிலும் காகிதப் பை வேண்டாம், நம் ஊர் ஈரக் காற்றுக்கு அது நமுத்துப்போகும், ஊசி குத்தினால் அங்கிருந்து கிழியும். நெய்யாத துணி மாதிரி இருக்கும் பை வாங்குங்கள், ஊசி குத்தினாலும் ஓட்டை பெரிதாகாது, காற்றும் நன்றாக விடும். கழுவி மறுபடி போடும் பை என்று ஒன்று விற்கிறார்கள், பணம் மிச்சம்தான், ஆனால் உதறுகிற வேலை இருக்கிறதே, அதை மொட்டை மாடியிலோ கொல்லைப்புறத்திலோ காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்ய வேண்டும். எந்த மாடல் வாங்கினாலும் அதற்குப் பை தனியாக எளிதில் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள், வாங்கும்போதே ஒரு கட்டு பையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

தண்ணீரில் வடிகட்டும் மாடல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தண்ணீர் தூசியை நன்றாகப் பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் முடியும் பஞ்சும் தண்ணீரில் ஊறிச் சொதசொதவென்று ஒரு கட்டியாகும், ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்த கையோடு கொட்டிக் கழுவிக் காயவைக்க வேண்டும். ஒருநாள் மறந்தால் மறுநாள் அறையே நாறும். ஆர்டர் குவிந்து கிடக்கும் கிறிஸ்துமஸ் நேரத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு அதை யார் கழுவுவது? வேண்டாம்.

ஃபில்டர்தான் நான் நின்று பேச விரும்பும் இடம், ஏனென்றால் பூனை வீட்டில் உடம்புக்கு ஆகாமல் போவது இதனால்தான். பூனை முடியால் தும்மல் வருகிறது என்போம். உண்மையில் தும்மலைக் கிளப்புவது பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பியிலும் இருக்கும் ஒரு புரதம். பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அது முடியில் காய்ந்து, பொடியாகி, கண்ணுக்குத் தெரியாத துகளோடு ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். இதோடு நம் அறையில் துணியில் கோடு போடும் டெய்லர் சாக்குப் பொடி வேறு, அதுவும் நைசானது. வெறும் ஸ்பாஞ்சு ஃபில்டர் மட்டும் உள்ள மலிவு மாடல் இந்தத் துகளை முன்பக்கம் இழுத்துப் பின்பக்கம் ஊதிவிடும், தரை சுத்தமாகத் தெரியும், அறையில் இருப்பவருக்கு மூச்சு இழுக்கும். அதனால் பை ஒரு தடை, அதற்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக இருக்கும் உருளை ஃபில்டர் இரண்டாவது தடை என்று இரண்டும் இருக்க வேண்டும். உங்களுக்கோ வீட்டில் குழந்தைகளுக்கோ ஏற்கெனவே வீசிங், ஆஸ்துமா இருந்தால் ஹெபா ஃபில்டர் உள்ளதாகவே வாங்குங்கள். ஹெபா என்று மட்டும் போட்டிருந்தால் போதாது, எச்13 என்று தரம் போட்டிருக்கிறதா பாருங்கள், வடிகட்டக் கடினமான நுண்துகளிலேயே 99.95 சதவீதத்தைப் பிடிப்பதற்கான தரம் அது. "ஹெபா மாதிரி", "ஹெபா டைப்" என்று எழுதியிருந்தால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் நன்றாகப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள், வளையம் தளர்வாக இருந்தால் காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும், உள்ளே எச்13 இருந்தும் பயனில்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஒரு சங்கடம் உண்டு. தென்மேற்குப் பருவமழையும் நமக்குத்தான், வடகிழக்கும் நமக்குத்தான். ஜூனில் இருந்து டிசம்பர் வரை கழுவிய ஃபில்டர் காயவே காயாது. கவரில் 24 மணி நேரம் காயவைக்கவும் என்று போட்டிருப்பார்கள், குலசேகரம், திற்பரப்பு பக்கம் மழை பிடித்துக்கொண்டால் இரண்டு மூன்று நாள் ஆனாலும் உள்மடிப்பில் ஈரம் நிற்கும். ஈரத்தோடு மாட்டினால் பஞ்சு அதில் அப்பிக்கொண்டு பூசணம் பிடிக்கும், அந்த வாடை தைத்த துணியில் ஏறும். கழுவக்கூடிய ஃபில்டர் என்றால் ஆரம்பத்திலேயே இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். மழைக்காலத்தில் கழுவாமல் வெளியே கொண்டுபோய்ப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மடிப்பைத் தட்டிவிட்டாலே போதும். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று: ஸ்டீல் டிரம், இரும்புக் குழாய் வேண்டாம், உப்புக்காற்று தின்றுவிடும், பிளாஸ்டிக் டிரம்மும் பிளாஸ்டிக் குழாயும் போதும். இதே மழையில்தான் டிரம் வகையின் இன்னொரு லாபமும் தெரியும், மாடி ஜன்னல் வழியே சாரல் அடித்துத் தண்ணீர் தேங்கினால் பையையும் காகித ஃபில்டரையும் கழற்றிவிட்டு ஸ்பாஞ்சை மாட்டி அப்படியே உறிஞ்சி எடுக்கலாம். சில மாடல்களில் ஃபில்டரை மாற்றாமலே ஈரம் எடுக்கலாம், கூட வரும் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எது ஆனாலும் பையைக் கழற்ற மறக்காதீர்கள்.

கம்பியில்லாத மாடலைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும், அது கெட்ட பொருள் இல்லை. சோபா, படுக்கை, கார் சீட் என்று கைக்கு அடக்கமாக எடுத்துப் போக நல்லது. ஆனால் முழு வேகத்தில் வைத்தால் பத்து நிமிடம் வாக்கில் பேட்டரி இறங்கிவிடும், டப்பா அரை லிட்டர்தான், உங்கள் லாப்ரடார் முடி உதிர்க்கும் காலத்தில் அறையைப் பாதி முடிப்பதற்குள் நிறைந்துவிடும். சில வருடத்தில் பேட்டரி மாற்ற வேண்டி வரும்போது அதன் விலையைக் கேட்டால் புதிதாக இன்னொன்றே வாங்கலாமா என்று இருக்கும். கம்பி உள்ள மெஷினில் இருப்பது நம் மிக்ஸியில் இருக்கும் அதே ஜாதி மோட்டார், தேய்ந்தால் கார்பன் பிரஷ் மாற்றிவிட்டு ஓட்டலாம், மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறவர்களிலேயே பலர் அதைச் செய்வார்கள். ரோபோ உங்கள் அறைக்கு வேண்டவே வேண்டாம். மெஷின் பெடல் ஒயர், தொங்கும் நூல், துணி ஓரம் எல்லாவற்றிலும் மாட்டிக்கொள்ளும், பூனை வாந்தி எடுத்து வைத்திருந்தால் அதை அறை முழுக்கப் பூசிவிட்டு வந்து நிற்கும்.

மெஷின் வாங்கியாயிற்று, இனி எப்படிப் பயன்படுத்துவது என்பதும் வாங்குவது அளவுக்கு முக்கியம். முதலில் காந்தம். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தரையோடு இழுத்துக்கொண்டு போனால் குண்டூசி, ஊசி முனை, கொக்கி எல்லாம் வந்துவிடும். பித்தளைக் குண்டூசி மட்டும் காந்தத்தில் ஒட்டாது, அதனால் இரும்பு ஊசியையே பயன்படுத்துங்கள். அடுத்து நீள நூல்களைக் கையால் எடுங்கள், அல்லது நம் வாரியலால் ஒரு ஓரமாகக் கூட்டி அள்ளுங்கள், விரலை விட நீளமான எந்த நூலையும் ஹோஸுக்குள் விடாதீர்கள். ஓவர்லாக் வெட்டித் தள்ளும் ஓரத் துணுக்குதான் அறையின் பாதிக் குப்பை, அது தரைக்கே வராமல் மேசை விளிம்பில் ஒரு துணிப்பையைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் வேலை பாதியாகும். அதற்கப்புறம் வேக்குவம், தரைக்கு மென்மயிர் வைத்த பிரஷ் முகப்பு, மெஷின் கால் இடுக்கு, சுவர் ஓரம், கட்டில் கால் பக்கம் குறுகலான முகப்பு. பூனை படுக்கும் மூலையில் தும்பு மிதியடி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அதற்குள் போன முடியை எந்த மெஷினாலும் எடுக்க முடியாது. அதற்குப் பதில் துவைக்கக்கூடிய பருத்தி விரிப்பு.

வெட்டு மேசையிலும் துணியிலும் ஒட்டிய முடிக்கு வேக்குவத்தை நம்ப வேண்டாம். ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே திசையில் இழுத்தால் முடி உருண்டு திரண்டு வந்துவிடும், ரப்பர் விளையும் ஊரில் கையுறைக்கா பஞ்சம். பட்டு, வெல்வெட் மேல் மட்டும் ஈரம் படாமல் ஒட்டும் ரோலர் போட்டு எடுங்கள். லாப்ரடார் முடி குட்டையாக விறைப்பாக இருக்கும், நெசவுக்குள் குத்தி நிற்கும், அதைத் துணி காயும்போதே உதறி எடுப்பதுதான் சுலபம். வேலை முடிந்ததும் வெட்டின துணியையும் தைத்த துணியையும் ஜிப் வைத்த கவரில் போட்டு அலமாரியில் வையுங்கள், மேசை மேல் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்துவிடுங்கள். பூனை ஏறிப் படுக்கட்டும், காலையில் பெட்ஷீட்டைச் சுருட்டி எடுத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம். அந்தப் பட்டு பிளவுஸ் விவகாரம் மறுபடி வராமல் இருக்க இந்தப் பெட்ஷீட் பழக்கம் எந்த மெஷினையும்விட உதவும்.

தையல் மெஷினுக்குள் இருக்கும் பஞ்சை எடுக்கவும் வேக்குவம் நல்லது, ஆனால் டிரம் வகையின் பின்பக்கம் ஊதும் ஓட்டை ஒன்று இருக்கும், அதை மெஷின் பக்கம் காட்டவே காட்டாதீர்கள். ஊதினால் எண்ணெயில் ஊறிய பஞ்சு இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஊசியைக் கழற்றி, ஊசித்தட்டைத் திறந்து, பாபின் கேஸை எடுத்து வைத்துவிட்டு, சின்ன பிரஷ்ஷால் துணியை நகர்த்தும் பல்லின் இடுக்கைக் கிளறிக்கொண்டே பக்கத்தில் ஹோஸைப் பிடியுங்கள். ஹோஸ் வாயில் பழைய நைலான் சாக்ஸைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் ஸ்குரூவோ ஸ்பிரிங்கோ உள்ளே போகாது. முடித்ததும் எண்ணெய் விடும் மாடல் என்றால் ஹூக்கில் ஒரு சொட்டு.

பூனையையும் நாயையும் பற்றி இரண்டு விஷயம். கோடையில் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் வந்தால் மருந்து போடுவதோடு வேக்குவமும் பெரிய உதவி. தெள்ளுப்பூச்சி முட்டை நாய் மேலேயே நிற்காது, உதிர்ந்து தரை இடுக்கிலும் விரிப்புக்கு அடியிலும் கிடக்கும், புழு வெளிச்சத்துக்குப் பயந்து இருட்டு மூலைக்குப் போகும், நாய் உண்ணி சுவர் விரிசலுக்குள்ளேயே ஏறி இருக்கும். குறுகலான முகப்பை வைத்து அந்த இடங்களை எல்லாம் இழுத்துவிட்டு, பையை அன்றே வாய்கட்டி வெளியே போட்டுவிடுங்கள். மெஷினுக்குள் விட்டால் அங்கேயே பொரித்து வெளியே வரும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது, ஆனால் பூனை இருக்கும் எல்லாத் தையல்காரர்களுக்கும் சொல்கிறேன். தரையில் நூலை விடக்கூடாது என்று இவ்வளவு சொல்வதற்கு மெஷினைக் காப்பாற்றுவது மட்டும் காரணமில்லை. பூனையின் நாக்கில் பின்னோக்கிச் சாய்ந்த முட்கள் இருக்கின்றன, வாயில் சிக்கிய நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். நூலின் ஒரு நுனி நாக்குக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், மறுமுனை குடலுக்குள் போகும், குடல் அசைய அசைய அந்த நூலின் மேல் சுருக்கம் வைத்தாற்போல் கூடிக்கொண்டு கடைசியில் அறுபடும். பூனை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், சாப்பிடாமல் ஒதுங்கிப் படுத்தால், வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால், அதை இழுக்காதீர்கள், வெட்டவும் செய்யாதீர்கள், நேராகக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இதில் நாளைக்குப் பார்க்கலாம் என்பதே கிடையாது. பாபின், நூல்கண்டு, ஊசி கோத்த நூல் எல்லாம் மூடி போட்ட டப்பாவில் இருக்கட்டும், நூல் குப்பைக்கும் மூடியுள்ள தொட்டி.

சத்தத்துக்குப் பூனையும் நாயும் பயப்படுமா என்று கேட்டிருந்தீர்கள். டிரம் வகை 75, 80 டெசிபல் வரை போகும், பயப்படத்தான் செய்யும். முதல் சில நாள் மெஷினை ஓட்டாமல் அறையில் சும்மா வைத்து மோந்து பார்க்க விடுங்கள், பிறகு அடுத்த அறையில் ஓட்டுங்கள், லாப்ரடாருக்கு அந்த நேரம் தின்பதற்கு ஏதாவது கொடுத்தால் சீக்கிரம் பழகிவிடும். பூனைக்கு வெளியே போக வழி திறந்திருந்தால் போதும், தானே போய்விட்டு வரும்.

கடைக்குப் போகும்போது ஒரு கவரில் உங்கள் அறைக் குப்பையையே கொண்டுபோங்கள்: வெட்டு நூல், ஓவர்லாக் துணுக்கு, கொஞ்சம் பூனை முடி, ஒரு சிட்டிகை சாக்குப் பொடி. டைல்ஸ் மேல் கொட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓடும்போது காற்று வெளியே வரும் பக்கம் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், பொடி பறந்தால் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். பிறகு மூடியைத் திறந்து பையைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள், ஹோஸைக் கழற்றி ஒரு நுனியில் இருந்து மறு நுனி வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள், பையும் ஃபில்டரும் தனியாக என்ன விலை, சர்வீஸ் நாகர்கோவிலிலேயே உண்டா, திருவனந்தபுரத்துக்கு அனுப்ப வேண்டுமா என்று கேளுங்கள். குப்பையைக் கொட்டிக் காட்ட ஒரு கடையில் மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள், வடசேரியில் இருந்து செட்டிகுளம் வரை கடைகளுக்கா குறை.